பற்கள் சரியாகக் கடிபடவில்லையா? காரணம் பல்லில் மட்டும் இல்லை

குவீன்ஸ்டவுன் உணவங்காடி நிலையம் ஒன்றில் மீ கோரெங் சாப்பிடுகிறீர்கள். நூடல்ஸை முன்பல்லால் கடித்து அறுக்கப் பார்க்கிறீர்கள். அறுபடவில்லை. கடைவாய்ப் பற்கள் அழுத்தமாக மூடிவிட்டன. ஆனாலும் மேலே உள்ள முன்பல்லுக்கும் கீழே உள்ள முன்பல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. நூடல்ஸ் அதில் அப்படியே தொங்குகிறது. கடைசியில் நாக்கை வைத்து அழுத்தியோ, கரண்டியால் வெட்டியோ சமாளிக்கிறீர்கள். இத்தனை வருஷமா அப்படியே பழகிப்போச்சு. எல்லாருக்கும் இப்படித்தான் என்றுகூட நினைத்திருக்கலாம்.

எல்லாருக்கும் அப்படி இல்லை. இதற்கு ஒரு பெயர் உண்டு: திறந்த கடி. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத பல நிலைகளில் இதுவும் ஒன்று. பல் மருத்துவர்கள் மொத்தமாக இவற்றை "மால்அக்லூஷன்" என்பார்கள். எளிமையாகச் சொன்னால், கடி பொருந்தாமை.

பல் வரிசை என்றாலே நமக்கு முதலில் நினைவுக்கு வருவது புகைப்படம், புன்னகை, பிரேசஸ். ஆனால் மருத்துவர் முதலில் பார்ப்பது வரிசையை அல்ல, கடியை. நேராக இருக்கும் பற்களும் தப்பாகக் கடிக்கலாம். கோணலாகத் தெரியும் பற்கள் நன்றாகவே அரைக்கலாம். நம் ஊரில் தெத்துப்பல்லை அழகு என்று ரசிப்பவர்கள் உண்டு. ஜப்பானில் அதையே காசு கொடுத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே "கோணலா இருக்கா?" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, "கடிக்குதா?" என்று கேட்போம்.

முதலில், "வடை" என்று சொல்லிப் பாருங்கள்

சத்தமாகச் சொல்லுங்கள். "வ" என்ற ஒலி பிறக்கும்போது உங்கள் மேல்பற்கள் எங்கே இருக்கின்றன? கீழுதட்டின் மேல். பல்லும் உதடும் சேரும்போது வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியமே எழுதி வைத்திருக்கிறது.

அப்படிச் சேர வேண்டுமென்றால் மேல்பற்கள் கீழ்ப்பற்களைவிடச் சற்று முன்னே இருந்தால் வசதி. பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3 மில்லிமீட்டர்வரை முன்னே நிற்கும். பற்களை மூடும்போது மேல்பல் கீழ்ப்பல்லின் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். பெட்டி மேல் மூடி உட்கார்வதுபோல. பின்னால் உள்ள கடைவாய்ப் பற்களில் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் அமரும். அம்மியும் குழவியும்போல அவை ஒன்றுக்கொன்று துணை.

1899ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் இதை மூன்று வகையாகப் பிரித்தார். ஆறு வயதுவாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைத்தான் அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சரியான இடத்தில் சந்தித்தால் முதல் வகை. அப்போதும் முன்பற்கள் நெருக்கியடித்து நிற்கலாம். கீழ்ப்பல் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. "எத்துப்பல்" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதில்தான் வரும். கீழ்ப்பல் முன்னே வந்துவிட்டால் மூன்றாம் வகை. அதாவது, கீழ்முன்பல் மேல்முன்பல்லைத் தாண்டி வெளியே நிற்கும். 125 ஆண்டு கடந்துவிட்டது. இன்றும் உலகெங்கும் பல் மருத்துவர்கள் இதே மூன்று வகையைத்தான் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதை வாசிக்கும் இந்த நிமிஷம் உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொடக்கூடாது. உதடு மூடியிருக்க, உள்ளே பற்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதுதான் தாடையின் ஓய்வு நிலை. தேர்வு நேரத்தில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு மாலையில் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இது யார் குற்றம்? பரம்பரையா?

ஓரளவுக்கு ஆமாம். தாடை எலும்பின் அளவும் வடிவமும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருகின்றன. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தினரின் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அதே நீண்ட கீழ்த்தாடை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்ல்ஸுக்கு உணவை மெல்லுவதே சிரமமாக இருந்ததாம். உறவுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டே போனதன் விளைவு.

சிங்கப்பூரில் இது இன்னும் சுவாரசியமான விஷயம். உங்கள் வகுப்பில் சீன, மலாய், இந்திய நண்பர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கீழ்த்தாடை முன்னே வரும் மூன்றாம் வகை எல்லா இனத்திலும் ஒரே அளவில் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, சீன, மலேசிய மக்களிடையே அது ஏறத்தாழ 16 விழுக்காடு என்றது. இந்தியர்களிடையே 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. நம்மவர்களிடம் அதிகம் தென்படுவது முன்பல் நெருக்கமும் மேல்பல் முன்தள்ளலும். இதனால் யாரும் உயர்த்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை. வேறு வேறு தாடை, வேறு வேறு சிக்கல், அவ்வளவுதான்.

ஆனால் "அப்பா பல்லு, அதான் இப்படி" என்று முடித்துவிட முடியாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டுகின்றன. தாடையின் வடிவத்தில் பரம்பரையின் பங்கு அதிகம். ஆனால் ஒவ்வொரு பல்லும் எங்கே போய் நிற்கிறது என்பதில் வாழும் விதத்துக்கும் நிறையப் பங்கு உண்டு.

கரும்பு கடித்த தாத்தா, ரொட்டி சாப்பிடும் பேரன்

உங்கள் தாத்தா கரும்பைப் பல்லாலேயே உரித்திருப்பார். பாக்கைக் கடித்திருப்பார். பொரியும் வறுத்த கடலையும் மென்றிருப்பார். நமக்கோ காலையில் மெத்தென்ற ரொட்டி, மத்தியானம் கோழிச் சோறு, நடுவில் குமிழ்த் தேநீர். அதில் மெல்ல வேண்டியது அந்த ஜவ்வரிசி உருண்டை ஒன்றுதான்.

எலும்பு, வேலை கொடுத்தால் வளரும் பொருள். குழந்தைப் பருவத்தில் தாடைக்கு அரைக்கும் வேலை குறைந்தால் அது முழு அளவுக்கு வளராமல் போகலாம். பல்லின் அளவோ முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. சிறிய தாடை, அதே பெரிய பற்கள். எம்ஆர்டி ரயிலில் காலை எட்டு மணிக்கு ஏறுவதுபோல ஒருவர் தோளில் இன்னொருவர்.

வெறும் ஊகம் இல்லை இது. ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து வட இந்தியாவில் பற்களை ஆராய்ந்தார். முடிவுகள் 1983ல் வெளிவந்தன. ஒரே பஞ்சாபி மக்கள். ஒரு பக்கம் சண்டிகர் நகரத்து இளையர்கள், இன்னொரு பக்கம் கரடுமுரடான உணவு சாப்பிடும் கிராமத்து இளையர்கள். நகரத்தவரிடம் கடி பொருந்தாமை அதிகமாக இருந்தது. வம்சம் ஒன்று, தட்டில் இருந்தது வேறு.

அதற்கும் முன்பே, 1954ல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரப் பல் மருத்துவர் ரேமண்ட் பெக் இன்னொரு கோணத்தைக் காட்டினார். அந்நாட்டுப் பூர்வகுடியினரின் பழைய மண்டை ஓடுகளில் பற்கள் மேலே மட்டும் தேயவில்லை, பக்கவாட்டிலும் தேய்ந்திருந்தன. மண்ணும் மணலும் கலந்த கடினமான உணவு. தேயத் தேய ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் குறுகும், அடுத்த பல்லுக்கு இடம் கிடைக்கும். நமக்குப் பல் தேய்வதே இல்லை. இடமும் கிடைப்பதில்லை. "நல்ல பல்லை எதுக்கு டாக்டர் பிடுங்கணும்?" என்று பிரேசஸ் போடப் போகும் எல்லாரும் கேட்கிறார்கள். இடத்துக்காகப் பல்லை எடுக்கும் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களில் பெக்கின் வாதமும் ஒன்று. எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆங்கிள் பல் எடுப்பதையே எதிர்த்தவர். நூறு வருஷமாக அவர்கள் தொழிலுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டை அது.

மீண்டும் "வடை"க்கு வருவோம். பழங்காலத்து மனிதர்களுக்குப் பெரியவர்களானதும் முன்பற்கள் தேய்ந்து நுனியோடு நுனி மோதி நின்றன. விவசாயம் வந்து, சமைத்த மென்மையான உணவு வந்த பிறகுதான் மேல்பல் முன்னே நிற்பது கடைசிவரை நிலைத்தது. அதனால்தான் பல்லும் உதடும் சேர்ந்து எழுப்பும் ஒலிகள் உலக மொழிகளில் பரவின என்று சுவிட்சர்லந்தின் ஸூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019ல் வாதிட்டார்கள். எல்லா மொழியியலாளர்களும் அதை ஏற்கவில்லை. இருந்தாலும், சோற்றுக்கும் சொல்லுக்கும் நடுவே பல் நிற்கிறது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்காக நாளையிலிருந்து கரும்பு கடித்தால் 19 வயதில் பல் நேராகிவிடாது. தாடை வளரும் வயது போய்விட்டது. வீட்டில் தம்பி தங்கை, அக்கா பிள்ளை இருந்தால் அவர்களுக்குக் கேரட், கொய்யா, சோளம் கடிக்கக் கொடுங்கள். கெடுதல் ஒன்றும் இல்லை.

"பால் பல்லுதானே, விழப்போறது!"

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வசனம் இது. கடி கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பால் பற்கள் 20. அவை மெல்லுவதற்கு மட்டும் இல்லை. பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவற்றின் வேலை. உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி. டிஷ்யூவை யாராவது எடுத்துவிட்டால் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

வாயிலும் அதுதான் நடக்கிறது. இரண்டாவது பால் கடைவாய்ப் பல் சொத்தையாகி 5, 6 வயதிலேயே பிடுங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் காலியான இடத்தைப் பார்த்து முன்னே சாய்கிறது. 10, 11 வயதில் அங்கே வர வேண்டிய பல்லுக்கு இடம் இல்லை. அது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அல்லது கிடைத்த சந்தில் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ முளைக்கும். கோரைப்பல் இன்னும் தாமதமாக வரும், 11, 12 வயதில். கடைசியாக வருபவருக்கு என்ன கிடைக்கும்? தெத்துப்பல் பிறக்கும் கதை பெரும்பாலும் இந்த இட நெருக்கடிதான்.

நம் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அதனால் சொத்தை எவ்வளவோ குறைந்திருக்கிறது. ஆனால் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையை அந்தத் தண்ணீர் மட்டும் காப்பாற்றாது. அப்படிப் பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், இடத்தைப் பிடித்து வைக்கச் சின்னக் கம்பி வளையம் ஒன்றைப் பல் மருத்துவர் பொருத்த முடியும். கேளுங்கள். கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

விரல் சூப்பும் பழக்கமும் உண்டு. மேல்பல்லை முன்னே தள்ளும், முன்பக்கம் இடைவெளி விடும். மீ கோரெங் அறுபடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று வயதுக்குள் நிறுத்திய குழந்தைக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். 6, 7 வயதில் நிரந்தர முன்பற்கள் வந்த பிறகும் தொடர்ந்தால்தான் அது நிலைத்துப்போகும். விழுங்கும்போது நாக்கு பற்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டு வருவதும் திறந்த கடியோடு சேர்ந்தே காணப்படும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம்.

மூக்கடைப்பால் எப்போதும் வாயால் மூச்சு விடும் பிள்ளைகளின் தாடை குறுகலாக வளர்கிறது என்ற கருத்தும் இருக்கிறது. மருத்துவர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியும் பிள்ளை இரவில் குறட்டை விட்டு வாய் திறந்து தூங்கினால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது, பல்லுக்காக இல்லாவிட்டாலும்.

ஞானப்பல் தள்ளுதா?

18, 20 வயதில் கீழ்முன்பற்கள் நெருக்கமாவதைப் பார்த்து "ஞானப்பல் பின்னாலிருந்து தள்ளுது" என்பார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும், எடுத்துவிட்டவர்களுக்கும் அதே நெருக்கம் வருகிறது. வயது ஏற ஏற கீழ்முன்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நகர்வது எல்லாருக்கும் நடக்கும் இயல்பு. முன்பல் நெருக்கத்துக்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்குவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வீக்கம், சொத்தை, கிருமித்தொற்று இருந்தால் அது வேறு கதை.

நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று கடி மாறிவிட்டதா?

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். இதுவரை சொன்னவை எல்லாம் வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பவை. கடி திடீரென்று மாறுவது வேறு.

காற்பந்து விளையாடும்போது முகத்தில் அடிபட்டது, அல்லது மின்ஸ்கூட்டரிலிருந்து விழுந்தீர்கள். அதற்குப் பிறகு "பல் முன்னமாதிரி சேரல" என்று தோன்றினால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். வெளியே பெரிய காயம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கொட்டாவி விட்ட பிறகு வாயை மூடவே முடியவில்லை என்றால் தாடை மூட்டு விலகியிருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

புதிதாகப் பல் அடைத்த பிறகு அந்த ஒரு பல் மட்டும் முதலில் இடித்தால் பயப்படத் தேவையில்லை. அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கிறது. மருத்துவர் ஒரு வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்வார். சாயம் ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிடுவார். சில நிமிட வேலை. ஆனால் "பழகிடும்" என்று விட்டுவிட்டால் பல் வலிக்க ஆரம்பிக்கும்.

ஒரு பல் மட்டும் உயர்ந்ததுபோல் தோன்றி, தொட்டாலே வலித்தால் அடியில் சீழ் கட்டியிருக்கலாம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்கக்கூடாது.

இப்போது உங்கள் பெற்றோரைப் பற்றி. அப்பாவுக்கு 50 வயது. பழைய படத்தில் முன்பல் வரிசை நெருக்கமாக இருக்கிறது, இப்போது நடுவில் இடைவெளி தெரிகிறது. பல் முன்னே வந்ததுபோலவும் இருக்கிறது. "வயசாச்சு" என்று சிரித்துவிடுவார். அது ஈறுநோயாக இருக்கலாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்போது பற்கள் நகர ஆரம்பிக்கும். வலி இருக்காது. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறுநோய் கடுமையாக வரும். ஈறுநோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற பல சமூகத்தினரைவிட அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவின் முன்பல் இடைவெளியைப் படம் எடுத்துக் கிண்டல் செய்வதற்கு முன் அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

சரி, சிகிச்சை கண்டிப்பாகத் தேவையா?

பலருக்குத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட முடிகிறது, வலி இல்லை, பல் தேயவில்லை, உங்களுக்கு அது உறுத்தவும் இல்லை என்றால் விட்டுவிடலாம். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு வாயில் கூடுதலாகப் பற்கள் இருந்தன, முன்பற்கள் தள்ளிக்கொண்டு நின்றன. சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று பயந்து அவர் கடைசிவரை அப்படியே விட்டுவிட்டார்.

சில நிலைகளை மட்டும் விடக்கூடாது. மேல்பல் மிகவும் முன்னே நின்றால் கீழே விழும்போது முதலில் உடைவது அதுதான். 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளிய பிள்ளைகளுக்கு முன்பல் காயத்தின் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கீழ்ப்பல் மேல் அண்ணத்தின் ஈறைக் குத்தினால் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடித்து, தாடையே ஒருபக்கமாக நகர்ந்து மூடினால், வளரும் வயதிலேயே பார்ப்பது நல்லது. 12, 13 வயதாகியும் கோரைப்பல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே மாட்டிய கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடக்கூடும்.

உங்களுக்கு உறுத்தினால்? சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறீர்கள் என்றால்? அதுவும் நியாயமான காரணம்தான். அழகுக்காகச் செய்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். எதற்காகச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால்தான் அவரும் எதை எதிர்பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்வார்.

யாரிடம் போவது?

தொடக்கப்பள்ளியில் வகுப்பு நடுவே பெயரைக் கூப்பிட்டுப் பல் மருந்தகத்துக்கு அனுப்பியது நினைவிருக்கிறதா? பலருக்கும் பல் வரிசைப் பிரச்சினை முதன்முதலில் கண்ணில் பட்டது அந்த நாற்காலியில்தான். அங்கே கொடுத்த கடிதத்தை உங்கள் அம்மா எங்கே வைத்தார் என்பது வேறு விஷயம்.

இப்போதும் முதலில் சாதாரணப் பல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. சொத்தை, ஈறுநோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பல் சீரமைப்பு நிபுணர். பல் மருத்துவப் படிப்பை முடித்து, அனுபவம் பெற்று, அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு இந்த ஒரு துறையை மட்டும் படித்தவர்கள் அவர்கள். யார் நிபுணர் என்பதைச் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டியே பார்த்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை.

குவீன்ஸ்டவுன் என்றால் பழைய அடுக்குமாடிகளும் மார்கரெட் டிரைவும்தான் நினைவுக்கு வரும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் அந்த வட்டாரம் கெண்ட் ரிட்ஜ்வரை நீள்கிறது. அங்கே லோவர் கெண்ட் ரிட்ஜ் சாலையில் இருக்கிறது தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையம். 2019ல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ மாணவர்கள் பயிலும் இடமும் அதுவே. அந்தப் படிப்பின் வேர் 1929க்குப் போகிறது, ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி காலத்துக்கு. ஊட்ரம் பக்கம் வசிப்பவர்களுக்குத் தேசியப் பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. தனியார் மருந்தகங்களுக்கோ பஞ்சமே இல்லை.

காசு விஷயத்தில் தெளிவாக இருங்கள். பிரேசஸுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். மெடிசேவ் பணத்தை அதற்குப் பயன்படுத்த முடியாது. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் பல், தாடை அறுவைசிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தலாம். கட்டணத்தில் என்னென்ன சேரும் என்று தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்: எக்ஸ்ரே, பல் எடுப்பது, கம்பி உடைந்தால் மாற்றுவது, கடைசியில் வரும் ரிடெய்னர். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தாடையே பொருந்தாதவர்களுக்குப் பிரேசஸ் மட்டும் போதாது, அறுவைசிகிச்சையும் வேண்டியிருக்கும். வளர்ச்சி நின்ற பிறகுதான் அதைச் செய்வார்கள். பையன்களுக்கு அது பெரும்பாலும் 18 வயதுக்கு மேல். தேசிய சேவை வந்து நிற்கும் நேரம் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

கம்பி எப்படிப் பல்லை நகர்த்துகிறது?

பல் எலும்பில் ஆணிபோல அறையப்படவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி ஒரு பக்கம் மெதுவாக அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பை உடலின் செல்களே கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் நகர்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பல்லை நகர்த்துவது கம்பி இல்லை, உங்கள் எலும்பு. கம்பி சைகை மட்டுமே கொடுக்கிறது.

அதனால்தான் அவசரம் உதவாது. அழுத்தம் அதிகமானால் அந்தப் படலத்தில் இரத்த ஓட்டமே நின்றுவிடும், வேரும் கரையலாம். முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை ஆவது மருத்துவர் இழுத்தடிப்பதால் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் அலைனருக்கும் இதே எலும்பு, இதே விதி. ஒரு நாளில் 20 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்க வேண்டும். காப்பி குடிக்கக் கழற்றி மறந்துவிடுபவர்களுக்கு நிலையான பிரேசஸே மேல்.

இதைப் புரிந்துகொண்டால் சமூக ஊடகத்தில் விற்கும் மலிவு பிரேசஸ் ஏன் ஆபத்து என்பதும் புரியும். பக்கத்து நாட்டில், மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பிரேசஸ் போட்டுவிட்ட 20 வயதுப் பெண் ஒருவருக்கு 2017ல் 70,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. நாகரிகத்துக்காக மாட்டும் போலி பிரேசஸைத் தாய்லாந்து தடைசெய்தது. எக்ஸ்ரே எடுக்காமல், வேர் எங்கே இருக்கிறது, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் யாரோ கம்பியை இறுக்கினால் பல் நகரத்தான் செய்யும். எங்கே நகரும் என்பது அவருக்கும் தெரியாது. ஈறுநோய் இருப்பது தெரியாமல் இழுத்தால் பல்லே ஆடிவிடும். இணையத்தில் வாங்கிய ரப்பர் வளையத்தை இரண்டு முன்பல்லில் மாட்டி இடைவெளியை மூடப் பார்ப்பவர்களும் உண்டு. பல் மேலே அகலம், வேரில் குறுகல். அந்த ரப்பர் மெல்ல மெல்ல ஈறுக்குள் ஏறி வேரின் நுனிவரை போகும். நல்ல முன்பற்களை அப்படி இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து கம்பி கழற்றிய நாளில் கொண்டாடுங்கள். ஆனால் பற்களுக்குப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகும் ஆசை விடாது. ஈறின் நார்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் ரிடெய்னர். முதலில் மருத்துவர் சொல்லும் நேரம் முழுக்க, பிறகு இரவில் மட்டும், பல ஆண்டு. 15 வயதில் பிரேசஸ் போட்டு, 17 வயதில் ரிடெய்னரைத் தொலைத்து, 25 வயதில் மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்காருபவர்கள் நிறையப் பேர்.

சாப்பிடும்போது கழற்றினால் அதற்கான பெட்டியில் வையுங்கள். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால், சாப்பிட்டு முடித்துத் தட்டைத் திருப்பி வைக்கும் இடத்துக்கு அதுவும் சேர்ந்தே போய்விடும்.